வாளிக்குள் ஒரு ஸ்பீக்கர்

என் பட்டறைக்கு வருகிறவர்கள் ஆம்ப்ளிஃபையரைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் மேசைக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் வாளியைப் பற்றித்தான் கேட்பார்கள். பதினைந்து லிட்டர் தண்ணீர். அதற்குள் நாலு வாட்டர் ஹீட்டர் ராடுகள், ஒவ்வொன்றும் 1500 வாட். ஒரு ராடின் தடை சுமார் 35 ஓம். நாலையும் பேரலலாகச் சேர்த்தால் 9 ஓமுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். 8 ஓம் ஸ்பீக்கர் இருக்க வேண்டிய இடத்தில் இதைத்தான் மாட்டுகிறேன். 100 வாட்டை ஒரு மணி நேரம் விடாமல் தள்ளினாலும் தண்ணீர் ஐந்தாறு டிகிரிதான் ஏறும். "குளிக்கவாடா வச்சிருக்க?" என்று அம்மா முதல் வருஷம் கேட்டாள். இப்போது கேட்பதில்லை.

எனக்கு அதிக நேரத்தை மிச்சப்படுத்திய கருவி எது என்று யாராவது கேட்டால், விலை உயர்ந்த எதையும் சொல்ல மாட்டேன். இந்த வாளியைத்தான் சொல்வேன். இது வருவதற்கு முன்னால் முழுச் சக்தியில் ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் பகலாக இருக்க வேண்டும், தெருவில் யாரும் தூங்கக் கூடாது, ஸ்பீக்கர் கருகினாலும் பரவாயில்லை என்ற மனசு வேண்டும். மூன்றும் ஒரே நாளில் கூடி வருவது அபூர்வம். சாயங்காலம் வரும் சந்தேகம் மறுநாள் பகல் வரை காத்திருக்கும். வாளி வந்த பிறகு நள்ளிரவிலும் சந்தேகப்படலாம்.

தொழிலை நான் கற்றது கோவில்பட்டியில், ஒரு மைக்செட் அண்ணாச்சியிடம். கோவில் கொடை சீசனில் சுற்றுவட்டாரத்து ஆம்ப்ளிஃபையர்கள் எல்லாம் கருகிய நாற்றத்தோடு அவர் கடைக்கு வரும். அவரிடம் இருந்தது முள் ஓடும் மல்டிமீட்டர் ஒன்று, ஈயம் வைக்கும் கோல் ஒன்று, வலது கை ஆள்காட்டி விரல் ஒன்று. இன்புட்டில் விரலை வைப்பார். ஸ்பீக்கர் 'பர்ர்' என்று உறுமினால் அதற்குப் பிந்திய பகுதி எல்லாம் உயிரோடு இருக்கிறது. உறுமவில்லை என்றால் அடுத்த டிரான்சிஸ்டரின் பேஸ், அதற்கடுத்தது என்று விரல் நகரும். நம் உடம்பே ஆன்டெனா மாதிரி வீட்டு ஒயரிங்கின் 50 ஹெர்ட்ஸைப் பிடித்துக் கொடுக்கிறது என்ற விளக்கம் எல்லாம் எனக்குப் பின்னால் கிடைத்தது. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. அரை மணியில் ஒரு செட்டை எழுப்பி உட்கார வைத்துவிடுவார்.

பழுது பார்ப்பதற்கு அது போதும். ஒரு காலத்தில் ஒழுங்காக ஓடிய பொருளில் எது செத்தது என்பதுதான் கேள்வி. பதில் பெரும்பாலும் 2என்3055-ஆகவோ உப்பிய கண்டென்சராகவோ இருக்கும். புதிதாக ஒன்றைச் செய்கிறவனின் தொல்லை வேறு மாதிரி. எதுவும் சாகவில்லை. எல்லாம் ஓடுகிறது. ஆனாலும் ஏதோ சரியில்லை. அந்த 'ஏதோ' எங்கே ஒளிந்திருக்கிறது என்று விரலுக்குத் தெரியாது.

நான் சொந்தமாக ஆம்ப்ளிஃபையர் வடிவமைக்கத் தொடங்கியபோது கையில் இருந்தவை அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஒரு பழைய 20 மெகாஹெர்ட்ஸ் சி.ஆர்.ஓ.வும், எக்ஸ்ஆர்-2206 சிப்பை வைத்து நானே கட்டிய ஃபங்ஷன் ஜெனரேட்டரும். அந்தச் சிப்பை எவ்வளவு பொறுமையாக டிரிம் செய்தாலும் அது தரும் சைன் அலையில் அரை சதவீதம் சிதைவு இருக்கும். சி.ஆர்.ஓ. திரையில் இரண்டு மூன்று சதவீதத்துக்குக் குறைந்த சிதைவு சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. ஆக, அரை சதவீதம் அழுக்கான தண்ணீரை ஊற்றி, மூன்று சதவீதம் அழுக்கு இருந்தால்தான் தெரியும் கண்ணாடி வழியாகப் பார்த்து, என் ஆம்ப்ளிஃபையர் 0.01 சதவீதமா என்று தேடிக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷம் இப்படிப் போனது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

நல்ல சைன் அலைக்காக மனிதர்கள் படாதபாடு பட்டிருக்கிறார்கள் என்பதை அதற்குப் பிறகுதான் படித்தேன். ஹியூலெட்-பேக்கர்ட் நிறுவனத்தின் முதல் சரக்கே ஆடியோ ஆஸிலேட்டர்தான்: மாடல் 200ஏ. ஆஸிலேட்டர் என்றால் அலை தானாகப் பெருகிக்கொண்டே போய் மேல்கூரையில் இடித்து நசுங்கும், அல்லது மெல்ல அடங்கிச் செத்துவிடும். நடுவில் நிறுத்துவதுதான் வித்தை. பில் ஹியூலெட் அந்த இடத்தில் ஒரு சின்ன பல்பைப் போட்டார். அலை பெரிதானால் பல்பின் இழை சூடாகி அதன் தடை கூடும், பெருக்கம் குறையும். அலை சிறுத்தால் இழை ஆறும், பெருக்கம் கூடும். அவ்வளவுதான். சந்தையில் இதே வேலைக்கான கருவிகள் 200 டாலருக்கு மேல் விற்ற காலத்தில் இது 54 டாலர் 40 செண்டுக்கு வந்தது. 'ஃபான்டாசியா' படத்தின் ஒலி அமைப்புக்காக வால்ட் டிஸ்னி நிறுவனம் அடுத்த மாடலான 200பி-யில் எட்டு வாங்கியது. மேசைக்கு மேசை ஒரு நல்ல சிக்னல் வைக்க முடிந்த பிறகு எத்தனை பொறியாளர்களின் சாயங்காலங்கள் மிச்சமாயிருக்கும் என்று யோசித்துப் பார்ப்பேன். நானும் ஒரு 24 வோல்ட் இண்டிகேட்டர் பல்பை வைத்து அதே சர்க்யூட்டைக் கட்டினேன். மேசையைத் தட்டினால் அலையின் உயரம் ஆடும், இழை நடுங்குகிறது. ஆனாலும் அன்றைக்குத்தான் முதல் தடவையாக என் ஆம்ப்ளிஃபையரை விட என் சிக்னல் சுத்தமாக இருந்தது.

அடுத்து வந்தது பழைய சாமான் கடையில் கிடைத்த டிஸ்டார்ஷன் மீட்டர். அடிப்படை அலையைக் குறுகலான வடிகட்டியால் அகற்றிவிட்டு மிச்சம் எவ்வளவு என்று சொல்லும் பெட்டி. முள் ஒரு எண்ணைக் காட்டும்: 0.03. அவ்வளவுதான். இரைச்சலா, டிரான்ஸ்ஃபார்மர் உறுமலா, டிரான்சிஸ்டர்கள் கைமாறும் இடத்தில் வரும் சிதைவா, எல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள். மளிகைக் கடைக்காரர் சாமான்களை வரிசையாகச் சொல்லாமல் மொத்தத் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்த மாதிரி. எதில் மிச்சம் பிடிப்பது?

அந்த எண்ணோடு நான் பட்ட பாட்டைச் சொன்னால்தான் மேலே சொல்லப் போவது புரியும்.

ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர். இடது பக்கம் 5 கிலோஹெர்ட்ஸில் 0.006 சதவீதம். வலது பக்கம் 0.03. இரண்டும் ஒரே பிசிபி, ஒரே பாகங்கள். முதலில் இன்புட் டிரான்சிஸ்டர் ஜோடியைச் சந்தேகப்பட்டேன். இருபது டிரான்சிஸ்டர்களை அளந்து ஜோடி சேர்த்து மாற்றினேன். மாற்றமில்லை. அவுட்புட் டிரான்சிஸ்டர் போலியோ என்று சந்தேகம். 2எஸ்சி5200 என்று மேலே எழுதிய எல்லாவற்றுக்குள்ளும் 2எஸ்சி5200 இருப்பதில்லை என்பது நம் ஊரில் ஆம்ப்ளிஃபையர் செய்கிற எல்லோருக்கும் தெரியும். அதையும் மாற்றினேன். கடைசியில் இடது போர்டைக் கழற்றி வலது பக்கத்தில் மாட்டினேன். கோளாறு போர்டோடு போகவில்லை. வலது பக்கத்திலேயே நின்றது. அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் பவர் சப்ளையையும் எர்த் ஒயரையும் பிடித்துக்கொண்டு இன்னும் மூன்று வாரம் ஓட்டினேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு சாயங்காலம்: கழற்று, ஈயத்தை உறிஞ்சு, மாற்று, சூடாகும் வரை ஓட்டு, மீட்டரைச் சுழிக்குக் கொண்டு வா, முள்ளைப் பார், பெருமூச்சு விடு. மொத்தம் இரண்டு மாதம்.

அந்தச் சமயத்தில் பாட்டுப் பதிவு செய்கிற நண்பர் ஒருவர் தன் பழைய யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸை என்னிடம் தள்ளிவிட்டார். 192 கிலோஹெர்ட்ஸ் வரை சாம்பிள் எடுக்கும். ஜான் மல்கேஹி எழுதி இலவசமாகவே தரும் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருளைக் கணினியில் ஏற்றினேன். அலையை உள்ளே விட்டால் அதில் எந்த அதிர்வெண் எவ்வளவு என்று கோடு கோடாகப் பிரித்து நிறுத்தும். வலது பக்கத்துக்கு 5 கிலோஹெர்ட்ஸ் கொடுத்தேன். திரையில் 10, 20, 30, 40 என்று கோடுகள் வரிசையாக நின்றன. 15-இலும் 25-இலும் ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம்.

ஐந்தின் இரட்டைப்படை மடங்குகள் மட்டும். டிரான்சிஸ்டர்கள் கைமாறும் இடத்தின் சிதைவாக இருந்தால் ஒற்றைப்படைக் கோடுகள்தான் தூக்கலாக வந்திருக்கும். ஆம்ப்ளிஃபையருக்குள் இரட்டைப்படை மட்டும் சுத்தமாக ஓடும் ஒரு இடம் உண்டு: பவர் சப்ளையிலிருந்து அவுட்புட்டுக்குப் போகும் ஒயர். பிளஸ் ஒயரில் அலையின் மேல் பாதிக்கு மட்டும் கரண்ட் ஓடுகிறது, மைனஸ் ஒயரில் கீழ்ப் பாதிக்கு மட்டும். பாதியாக வெட்டிய அலையைப் பிரித்துப் பார்த்தால் அடிப்படை அலையும் இரட்டைப்படைகளும்தான் கிடைக்கும். அந்த ஒயர் பக்கத்தில் ஏதாவது மெல்லிய சிக்னல் ஒயர் படுத்திருந்தால், டிரான்ஸ்ஃபார்மரில் நடப்பது போல, காந்தப் புலம் வழியாக இதற்குள் ஏறிவிடும். டக்ளஸ் செல்ஃப் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1990-களில் பவர் ஆம்ப்ளிஃபையரின் சிதைவுகளைக் குலம் கோத்திரம் பிரித்து எழுதியபோது இதற்கும் தனி எண் கொடுத்து வைத்திருந்தார். அதை நான் படித்தும் இருந்தேன். படித்தது வேறு, அது நம் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிவது வேறு.

ஐஸ் குச்சி ஒன்றை எடுத்து வலது பக்கத்துச் சிவப்பு ஒயரை மெல்லத் தள்ளினேன். திரையில் 10 கிலோஹெர்ட்ஸ் கோடு இறங்கியது. விட்டேன், ஏறியது. இந்தப் பக்கம் தள்ளினால் இன்னும் ஏறியது. குச்சி முனையில் ஒரு வால்யூம் கண்ட்ரோல் கிடைத்த மாதிரி. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி தள்ளிப் பார்த்தேன். பிளஸ், மைனஸ், எர்த் மூன்றையும் சேர்த்துச் சடை மாதிரி முறுக்கிப் பெட்டியின் ஓரமாகக் கொண்டு போனேன். முறுக்கினால் இரண்டு அரை அலைகளும் ஒரே இடத்தில் இருப்பதால் வெளியே தெரியும் புலம் முழு அலையாகிவிடுகிறது; இரட்டைப்படைகள் ஒன்றையொன்று கொன்றுவிடுகின்றன. இரண்டு மாதக் கோளாறு அரை மணியில் முடிந்தது. பாகம் எதையும் மாற்றவில்லை. செலவு, நூல் கட்டிய நாலு முடிச்சு.

நல்ல கருவி வேலையை வேகப்படுத்துகிறது என்று சொல்லும்போது பலர் நினைப்பது அளவெடுக்கும் நேரம் குறைகிறது என்று. அதுவும் குறைகிறதுதான். ஆனால் என் அனுபவத்தில் பெரிய மாற்றம் வேறு இடத்தில் நடந்தது. ஒரு கேள்விக்கு ஒரு சாயங்காலம் செலவாகும்போது, நமக்கு ஏற்கெனவே நம்பிக்கை உள்ள கேள்விகளைத்தான் கேட்போம். 'டிரான்சிஸ்டர்தான் இருக்கும்' என்று மனசுக்குப் பட்டால் டிரான்சிஸ்டரை மாற்றுவோம். ஒயரைக் குச்சியால் நகர்த்திப் பார்க்க யாருக்கும் ஒரு சாயங்காலத்தைக் கொடுக்க மனசு வராது. பதில் ஒரு நொடியில் வரும் என்றால் முட்டாள்தனமான கேள்வியையும் கேட்கலாம். மூடியை மூடினால் என்ன ஆகும், ஸ்க்ரூவை இறுக்கினால் என்ன ஆகும், பக்கத்து போர்டைக் கழற்றினால் என்ன ஆகும்? என் ஆம்ப்ளிஃபையர்களில் நல்லதாக இருக்கும் விஷயங்களில் பாதி, நான் நம்பாமல் செய்து பார்த்தவை.

ஸ்பீக்கர் பெட்டியில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். வூஃபரின் இம்பிடன்ஸ் வளைவை முன்பு கையால் வரைவேன். 1000 ஓம் ரெசிஸ்டன்ஸ் ஒன்று சீரீஸில், ஏசி வோல்ட்மீட்டர், லாக் கிராஃப் தாள், பென்சில். 20 ஹெர்ட்ஸில் தொடங்கி ஐம்பது புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் ஜெனரேட்டரைத் திருப்பி, அதிர்வெண்ணை எண்ணி, வோல்ட்டேஜைக் குறித்து. நடுவில் மின்சாரம் போனால் முதலிலிருந்து. ஒரு வளைவுக்கு ஒரு ராத்திரி. போர்ட் வைத்த பெட்டி என்றால் இரண்டு மலையும் நடுவில் ஒரு பள்ளமுமாக வரும். அந்தப் பள்ளம் எங்கே விழுகிறதோ அதுதான் ஏறக்குறைய பெட்டியின் டியூனிங். பிளம்பிங் கடையில் வாங்கிய பிவிசி குழாயைத்தான் போர்ட்டாக வைப்பது வழக்கம். நீளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிச் சரிபார்க்க வேண்டும். வெட்டுக்கு ஒரு ராத்திரி என்றால் யார் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுவார்கள்? கணக்குப் போட்டு ஒரே வெட்டு. கிடைத்ததைக் கட்டிக்கொண்டு அழுவது. இப்போது பத்து நொடியில் தாழ்ந்த ஒலியிலிருந்து உச்சி வரை ஒரு சீறல் ஓடுகிறது, வளைவு திரையில் விழுகிறது. ஐந்து மில்லிமீட்டராக வெட்டுகிறேன், வெண்டைக்காய் நறுக்குவது போல.

அந்தச் சீறலைப் பற்றி ஒரு வார்த்தை. இத்தாலியின் பார்மா பல்கலைக்கழகத்து ஆஞ்செலோ ஃபரீனா 2000-ஆம் ஆண்டில் சொன்ன வழி அது. அதிர்வெண் மடங்கு மடங்காக ஏறும்படி சீறலை அமைத்தால், பிறகு கணக்கில் சுருக்கும்போது ஒவ்வொரு ஹார்மோனிக்கும், அதாவது அடிப்படை அதிர்வெண்ணின் ஒவ்வொரு மடங்கும், அசல் பதிலுக்கு முன்னால் காலத்தில் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். ஒரே ஓட்டத்தில் ஸ்பீக்கரின் பதிலும் கிடைக்கிறது, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சிதைகிறது என்பதும் கிடைக்கிறது. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி வருவதற்குள் ஜன்னலைச் சாத்தினாற்போல் காலத்தை வெட்டிவிட்டால், எதிரொலியே இல்லாத அறை கட்டக் காசில்லாத என் போன்றவர்களும் நடு அறையில், ஸ்டூல் மேல் பெட்டியை வைத்து, ட்வீட்டரை அளந்துவிடலாம். தாழ்ந்த ஒலிக்கு இது செல்லாது. அதற்கு மைக்கைக் கூம்பின் முகத்தருகே கொண்டு போக வேண்டும், அல்லது மொட்டை மாடிக்குத் தூக்க வேண்டும். மாடிப்படி குறுகலான வீடுகளில் அது தனிக் கதை.

கருவி பொய்யும் சொல்லும். எனக்குச் சொல்லியிருக்கிறது. முதலில் ஒரு சவுண்ட் கார்டைக் கொன்றேன்: 8 ஓமில் 100 வாட் என்றால் 28 வோல்ட்; இரண்டு வோல்ட் தாங்கும் லைன் இன்புட்டில் அதை நேராகச் செருகினேன். புகைகூட வரவில்லை, அமைதியாகச் செத்தது. அதன் பிறகு இரண்டு ரெசிஸ்டன்ஸும் இரண்டு ஜீனர் டையோடும் போட்ட சின்னப் பெட்டி நடுவில் இல்லாமல் எதையும் இணைப்பதில்லை. லேப்டாப் சார்ஜர் இன்னொரு திருடன். சார்ஜரின் எர்த்தும் ஆம்ப்ளிஃபையரின் எர்த்தும் வளையமாகிவிட்டால் திரை முழுக்க 50, 100, 150 என்று முள்வேலி. சார்ஜரைப் பிடுங்கினால் வேலி மறையும். ஒரு வாரம் என் ஆம்ப்ளிஃபையரைத் திட்டிய பிறகுதான் இதைக் கண்டுபிடித்தேன்.

ஆனால் மோசமான பொய் இனிப்பாகச் சொல்லப்படுவது. அளவெடுக்கத் தொடங்கும் முன் இன்டர்ஃபேஸின் அவுட்புட்டை அதன் இன்புட்டிலேயே செருகி, அதன் சொந்தச் சிதைவு எவ்வளவு என்று பார்ப்பது வழக்கம். இரண்டாம் ஹார்மோனிக் மைனஸ் 98 டெசிபல். நடுவில் என் ஆம்ப்ளிஃபையரை வைத்தேன்: மைனஸ் 106. எட்டு டெசிபல் முன்னேற்றம்! என் ஆம்ப்ளிஃபையர் சிக்னலைச் சுத்தம் செய்து அனுப்புகிறது! அன்று ராத்திரி பரோட்டா வாங்கிச் சாப்பிட்டேன். மறுநாள் காலை தலை தெளிந்த பிறகு, பாலன்ஸ்டு கேபிளின் இரண்டு சிக்னல் ஒயர்களையும் ஒரு முனையில் இடம் மாற்றி அலையைத் தலைகீழாக்கினேன். மைனஸ் 94. இன்டர்ஃபேஸின் சிதைவும் ஆம்ப்ளிஃபையரின் சிதைவும் எதிரெதிர்த் திசையில் இருந்திருக்கின்றன. ஒரு பக்கம் கழிந்தன, மறு பக்கம் கூடின. ஆம்ப்ளிஃபையரின் உண்மையான கணக்கு மைனஸ் 102-க்குப் பக்கத்தில். மோசமில்லை. ஆனால் பரோட்டாவுக்குரியது அல்ல.

"அப்படியென்றால் காது வேண்டாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. எனக்குக் காதின் மேல் மரியாதை குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. இரண்டு ஆம்ப்ளிஃபையர்களை ஒப்பிட்டுக் கேட்கும்போது ஒன்று அரை டெசிபல் உரக்க இருந்தால் அதுதான் 'தெளிவாக' இருப்பது போலத் தோன்றும். உரக்க இருப்பதாகத் தோன்றாது. 0.1 டெசிபலுக்குள் சமப்படுத்திவிட்டுக் கேட்டால்தான் காது நேர்மையாகப் பேசும். 0.1 டெசிபல் என்பது வோல்ட்டேஜில் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். அதை மீட்டர் இல்லாமல் யாரும் சமப்படுத்த முடியாது. முன்பு ஆறு மாதம் 'இந்தக் கண்டென்சர் இனிக்கிறது' என்று நம்பிக்கொண்டிருந்த என்னை ஒரு வோல்ட்மீட்டர்தான் மீட்டது.

போன மாதம் பேத்தி கல்யாணத்துக்காக மெட்ராஸ் வந்த அண்ணாச்சி பட்டறையை எட்டிப் பார்த்தார். எண்பதை நெருங்குகிறார். மேசையில் மூடி திறந்த ஒரு ஆம்ப்ளிஃபையர் ஓடிக்கொண்டிருந்தது. கேட்கவே இல்லை, இன்புட்டில் விரலை வைத்தார்.

"என்னலே, சத்தமே வரல?"

"ஸ்பீக்கர் இல்ல அண்ணாச்சி. வாளி."

குனிந்து வாளியைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. திரையைக் காட்டினேன். அவர் விரலை வைத்தால் 50, 150, 250 என்று கோடுகள் மரம் மாதிரி முளைத்தன, எடுத்தால் விழுந்தன. நாலைந்து தடவை வைத்து எடுத்து வைத்து எடுத்து விளையாடினார். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார்.

"நான் கைய எடுத்த பொறவும் அந்த ஒண்ணு மட்டும் நிக்கே, அது என்னது?"

50 ஹெர்ட்ஸ் கோடு. மைனஸ் 92-இல் நின்றது. "ஒரு மாசமா தேடுறேன் அண்ணாச்சி. எர்த்தெல்லாம் மாத்திப் பாத்துட்டேன்."

டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மரின் தலையில் உள்ளங்கையை வைத்தார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல. "இதத் திருப்பிப் பாத்தியா?"

பார்க்கவில்லை. கரண்ட்டை அணைத்து, நடு போல்ட்டைத் தளர்த்திவிட்டு மறுபடி போட்டேன். அவர் இரண்டு கையாலும் பிடித்து மாவாட்டுவது போல மெல்லத் திருப்பினார். நான் திரையைப் பார்த்து வாசித்தேன்.

"தொண்ணூத்தி நாலு... தொண்ணூத்தி ஏழு... நூறு... நூத்தி மூணு... ஐயோ, தாண்டிட்டீங்க, கொஞ்சம் பின்னால... நூத்தி நாலு. அப்படியே பிடிங்க அண்ணாச்சி, போல்ட்ட முடுக்கிக்கிறேன்."